வன்னி மரத்து ஆயுதங்கள்

அஸ்தினாபுரம் என்ற பெயரில் ஓர் ஊரில் வாழ்பவனுக்கு வாரிசுச் சண்டைகள் நினைவுக்கு வராமல் இருக்குமா? பாரதக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் போர்க்களம் அன்று. அஞ்ஞாதவாசத்துக்கு முன் பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களை வன்னி மரத்தில் மறைத்து வைக்கும் இடம். ஆயுதம் தம்முடையதுதான், ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் காலம் அதுவன்று.

நம் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி வாரிசைச் சேரும், உரிமம் சேராது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, உரிமமற்றுப்போன ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். நினைவுப்பொருள்தானே என்று பரணில் வைத்திருந்தாலும் குற்றமே. பிறகு 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி வாரிசு தன் பெயரில் உரிமம் கோரலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பரம்பரையாக வந்தவற்றையும் சேர்த்து இரண்டு துப்பாக்கிகளே உச்சவரம்பு.

குடகு மக்களுக்கு இதில் தனி விலக்கு உண்டு. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மற்ற நமக்கெல்லாம் விண்ணப்பமே வழி.

வாரிசின் கடமை தெளிவு. அதிகாரியின் கடமை? காவல் ஆணையரகம் உள்ள இடங்களில் அந்தப் பொறுப்பு ஆணையருக்கு, மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியருக்கு. உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. பொதுநலன் கருதியே அதை மறைக்கலாம். மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 18-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பதிலே வராத விண்ணப்பத்துக்கு எங்கே மேல்முறையீடு செய்வது? திரும்பப் பெறாத ஆயுதம் அரசுடைமையாகவும் வழி இருக்கும்போது, மௌனம் நடுநிலை ஆகாது.

துப்பாக்கிகள் பெருக வேண்டும் என்பது என் கட்சியன்று. துப்பாக்கி வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமையன்று என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது எனக்கும் உடன்பாடே. நூறு விண்ணப்பங்களில் நூறையும் மறுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி மறுக்கட்டும். உரிமம் கிடைக்காது என்று தெரிந்தால், வாரிசு அதை உரிமம் உள்ள ஒருவருக்கு முறைப்படி விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பார். ஒப்படைத்தவன் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, பரணில் ஒளித்தவன் கவலையின்றி உறங்கினால், சட்டத்தை மதிக்கும் பாடத்தை யார் கற்பார்கள்?