விளையாட்டுப் பீரியட்

கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் இழந்தது என்ன என்று எவரைக் கேட்டாலும், 'ரெண்டு வருசப் படிப்பு போச்சுல்லா!' என்பார்கள். கற்றல் இழப்பு என்றொரு சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. அதை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. நல்ல காரியம்தான். பிள்ளைகளின் உடம்பையும் மனசையும் தேடி எவர் வந்தார்?

2020 மார்ச் மத்தியில் பள்ளிகளைப் பூட்டினார்கள். நோய்க்கு அஞ்சிப் பூட்டியதில் குற்றமில்லை. ஒன்று முதல் எட்டு வரை படித்த குழந்தைகள் மறுபடி பள்ளி வாசலை மிதிக்க 2021 நவம்பர் 1 ஆயிற்று. டாஸ்மாக் கடைகளோ, சென்னை நீங்கலாக, 2020 மே 7 அன்றே திறந்தன. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போய், பத்து நாளுக்குள் மறுபடியும் திறந்தது. சிறுவர் ஓடியாட ஒரு மைதானத்தைத் திறந்துவிடச் சொல்லி அந்த அரசாங்கம் எந்தக் கோர்ட்டுக்குப் போனது?

அரசாங்கத்தை மட்டும் ஏசிப் பயனில்லை. நாஞ்சில் நாட்டில் நடை இறங்கினால் வயல் வரப்பு, குளத்தங்கரை, தென்னந்தோப்பு, பழையாற்றுப் படித்துறை. கடலோர ஊர்களில் கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். ஆளரவமற்ற வரப்பில், விடிகாலையில், அப்பனோடு ஒரு பயல் அரை மணி நேரம் நடந்தால் கிருமி வந்து அப்பிக்கொள்ளுமா? ஊரடங்கு தளர்ந்தபின் பெரியவர்கள் கடைக்கும் போனோம், கல்யாணத்துக்கும் போய்ப் பந்தியில் உட்கார்ந்தோம். பிள்ளைக்கு மட்டும் வீடடங்கு. 'லேய் மக்கா, வெளியில உனக்கு என்ன சோலி? போன்ல கிளாஸ் நடக்குல்லா, போய்ப் பாரு!'

ஐந்து முதல் 17 வயது வரை உள்ளவர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடம்பு வியர்க்க அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகளுக்கு வாய்த்தது கட்டிலும் கைபேசியும். வகுப்பு, டியூஷன், சிநேகிதம், விளையாட்டு எல்லாம் அந்த ஒரு சாண் கண்ணாடிக்குள். உடம்பின் கடிகாரத்துக்குக் காலை வெளிச்சம்தான் சாவி. வெயில் முகம் காணாமல், இரவு இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்து பத்து மணிக்கு எழுந்தவனைச் சோம்பேறி என்று வைதோம். பெண் பிள்ளைகள் பாடு இன்னும் கஷ்டம். அடுக்களையும் சேர்ந்துகொண்டது, மொட்டைமாடி ஏறவும் காரணம் சொல்ல வேண்டும்.

எவரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த மகனை, 'என்ன அடக்கம் பாருங்க' என்று மெச்சிய தகப்பன்மார் உண்டு. 2020 செப்டம்பரில், நீட் தேர்வுக்கு முந்தின நாள், தமிழ்நாட்டில் அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டனர். இரண்டு நாள் தொலைக்காட்சியில் கத்தினோம். பிறகு கட்-ஆஃப் மதிப்பெண் பேசப் போய்விட்டோம்.

களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே அதே ஆண்டில், குழந்தைகள் போனில் மனம்விட்டுப் பேச 'சிரி' என்றொரு ஏற்பாட்டைப் போலீசாரே நடத்தினர். இங்கும் 14417 என்ற உதவி எண் 2018 முதலே உண்டு. எத்தனை வீட்டில் அதைப் பிள்ளையிடம் எழுதிக் கொடுத்தோம்? 2022 அக்டோபரில் மனநலத்துக்கென்றே 14416 வந்தது. நாடு முழுக்க, காசில்லாமல். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு உண்டு. பல்வலிக்குப் பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறவர், மனசுக்கு என்றால் குரலைத் தாழ்த்துகிறார்: 'அங்க கொண்டு போனா, நாளைக்கு எவன் பொண்ணு தருவான்?'

சரி, பள்ளிகள் திறந்தனவே, அப்போது என்ன செய்தோம்? விட்ட பாடத்தைப் பிடிக்கிறோம் என்று விளையாட்டுப் பீரியடைத் தூக்கிக் கணக்கு சாரிடம் கொடுத்தோம். இன்றும் பத்தாம் வகுப்பென்றால் பி.டி. சாரின் பந்து அலமாரிக்குள் காற்றிறங்கிக் கிடக்கிறது. கேட்டால், 'பப்ளிக் முடியட்டும் சார்' என்கிறார்கள்.