ஏமாந்தவரைத் திட்டாதீங்க சாமி!

"படிச்சவங்க கூடவா இப்படி ஏமாறுவாங்க?"

"பேராசை சார், வேறென்ன?"

"ஓடிபியைத் தூக்கிக் குடுத்துட்டு பேங்க்ல வந்து அழுதா என்ன பண்றது?"

இந்த மூன்று வசனங்களில் ஒன்றையாவது வாரம் தவறாமல் கேட்கிறேன். நாக்பூரில் உத்தியோகம் பார்ப்பதால் இந்தியிலும் மராத்தியிலும் கேட்கிறேன். ஊருக்குப் போனால் தமிழில் கேட்கிறேன். கேட்பதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. ஒரு தீபாவளிக்குப் பொன்மலையில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தபோது நானே சொன்னேன், "ஓடிபி சொன்னவன் எல்லாம் முட்டாள்" என்று. பேங்க் ஆபீசர் சொன்னால் சபையில் எடுபடுமே! எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

நிற்க.

சென்ற வருடம் அதே சித்தப்பாவின் கணக்கிலிருந்து 92,000 ரூபாய் போனது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவர். பெரிய பேராசையெல்லாம் இல்லை. மிக்சி ரிப்பேர். அவ்வளவுதான். கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடினார், முதலில் வந்த நம்பருக்கு அடித்தார். எடுத்தவன் சுத்தமான தமிழில், "சார் சார்" என்று மரியாதையாகப் பேசினான். 'கம்ப்ளெயின்ட் ஃபார்ம்' என்று வாட்ஸப்பில் ஒரு கோப்பு அனுப்பினான். அதை நிறுவி, பதிவுக் கட்டணம் ஐந்து ரூபாய் கட்ட ஏடிஎம் கார்டு விவரத்தைப் போடச் சொன்னான். போட்டார். அன்று மத்தியானம் 18,000 போனது. "சர்வர் பிரச்னை சார், 24 மணி நேரத்துல திரும்ப வந்துடும்" என்றான். மறுநாள் காலை 40,000. அரை மணி கழித்து 34,000.

எனக்கு எப்போது தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒன்பதாவது நாள். அதுவும் சித்தி சொல்லித்தான்.

"ஏன் சித்தப்பா, அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"நீ பேங்க்ல பெரிய ஆளு. உங்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடா சொல்றது?"

கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். "நான் ஓடிபியை யாருக்கும் சொல்லலடா."

உண்மைதான். அவர் சொல்லவில்லை. அவன் அனுப்பிய கோப்பு ஏபிகே. அதை நிறுவும்போது 'எஸ்எம்எஸ் படிக்க அனுமதி' கேட்டிருக்கும், இவர் சரி என்று தட்டியிருப்பார். அதற்குப் பிறகு போனுக்கு வந்த ஒவ்வொரு ஓடிபியும் தானாகவே திருடனுக்கும் போயிருக்கிறது. "ஓடிபியைச் சொல்லாதே" என்று நாங்கள் வருடக்கணக்காக ஓதிய மந்திரத்தை மனிதர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். பணமும் போய்விட்டது.

இப்போது கணக்குப் போடுங்கள். முதல் நாள் போனது 18,000. வெட்கத்தால் வாயை மூடிக்கொண்டு, கார்டை நிறுத்தாமல் ஓர் இரவு காத்திருந்ததில் போனது 74,000. முதல் தொகையைத் திருடன் எடுத்தான். இரண்டாவது தொகைக்கு, தீபாவளியன்று நான் அடித்த ஜோக்கும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு இல்லை, விதிப்படியும் அப்படித்தான். வாடிக்கையாளர் கவனக்குறைவாக இருந்து பணம் போயிருந்தாலும், அவர் வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியின் பொறுப்பு என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போட்டது. வங்கி மேலும் தப்பில்லை, வாடிக்கையாளர் மேலும் தப்பில்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டமே கிடையாது என்றும் அதில் இருந்தது. ஆக, உடனே வாயைத் திறப்பவருக்குத்தான் பாதுகாப்பு. நாமோ, வாயைத் திறந்தால் 'முட்டாள்' பட்டம் கொடுப்போம் என்று உட்கார்ந்திருக்கிறோம். திருடனுக்கு இதைவிட நல்ல கூட்டாளி கிடைப்பானா?

அடுத்தது எங்கள் வங்கிகள். சொந்த வீட்டைப் பற்றிப் பேசாமல் ஊரைப் பேசக்கூடாது. ஒரு பக்கம் "தெரியாத நம்பரை நம்பாதீர்" என்று போஸ்டர் ஒட்டுகிறோம். மறுபக்கம் இன்சூரன்ஸ் விற்க யாரோ ஒரு பையனை விட்டு அவன் சொந்த செல்போனிலிருந்து அழைக்க வைக்கிறோம். "வெரிபிகேஷனுக்காகப் பிறந்த தேதி சொல்லுங்க சார்" என்கிறோம். "லிங்க்கைத் தட்டாதீர்" என்று ஒரு எஸ்எம்எஸ், அடுத்த எஸ்எம்எஸ்ஸில் கடன் வாங்க ஒரு லிங்க்! அவசரத்துக்குக் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, ஒன்பதை அழுத்து என்று பாட்டுப் போடுகிறோம். மனிதக் குரல் கேட்கக் காத்திருந்து அலுத்துப் போனவர் கூகுளில் தேடுகிறார். அங்கே திருடன் முதல் ரிங்கிலேயே எடுக்கிறான். பழக்கத்தை நாங்கள் ஏற்படுத்தினோம், அறுவடையை அவன் செய்கிறான்.

நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வங்கிகளின் இணையதள முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் உத்தரவிட்டு, அக்டோபர் கடைசி வரை கெடு வைத்தது. வங்கிகள் சேவைக்காக அழைப்பதற்கென்று 1600-ல் தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. நல்ல விஷயங்கள்தான். உங்கள் அம்மாவுக்கு இது தெரியுமா? யார் தமிழில், அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள்?

கடைசியாக நாம். அதாவது பிழைப்புக்காக வெளியூர் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தது யார்? "கரண்ட் பில்லுக்கு எதுக்கு க்யூல நிக்கறீங்க, இதுல தட்டுங்க" என்றது யார்? நமக்குச் சௌகரியமான அளவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டோம். அப்புறம் அவர்கள் சந்தேகம் கேட்டுக் கூப்பிட்டால், "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்". திருடனுக்கு மீட்டிங் கிடையாது. நாற்பது நிமிடம் பொறுமையாக, "மெதுவா தட்டுங்கம்மா, அவசரமில்ல" என்று பேசுவான். பெற்ற பிள்ளைக்கு இல்லாத பொறுமை அவனுக்கு இருக்கிறது!

நாம் தூரத்தில் இருப்பதும் அவனுக்குச் சரக்குதான். "உங்க பையன் போலீஸ்ல மாட்டிக்கிட்டான்" என்று இந்தியில் அதட்டினால், மகன் மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் வீட்டில்தான் நெஞ்சு படபடக்கும். மொழி புரியாததே பாதி பயம். "இன்னிக்கு ராத்திரி கரண்ட் கட்" என்ற மிரட்டல் எஸ்எம்எஸ்ஸும், ஓய்வூதியக்காரர்களைக் குறிவைக்கும் உயிர்வாழ் சான்றிதழ் அழைப்பும், தனியாக இருக்கும் பெரியவர்களிடம்தான் சுலபமாக வேலை செய்கின்றன.

"அப்ப அவங்க மேல தப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். ஜாக்கிரதை வேண்டும்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பூட்டை உடைத்துத் திருடு போன வீட்டுக்காரரிடம் "நல்ல பூட்டு வாங்கத் தெரியாத முட்டாள்" என்று யாரும் சொல்வதில்லை. முதலில் போலீசுக்குப் போகிறோம், பூட்டைப் பிறகு மாற்றுகிறோம். இதற்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

சரி, பூட்டு விஷயம். இந்த வாரம் ஊருக்குப் போன் போட்டு உட்கார்ந்து செய்ய வேண்டியவை:

1. வங்கி நம்பரை ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுத்துப் போனில் சேமித்து வையுங்கள். மிக்சிக்கு வாரண்டி அட்டை. கூகுளில் நம்பர் தேடவே கூடாது.

2. வாட்ஸப்பில் வரும் ஏபிகே கோப்பு கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும், டிராஃபிக் அபராதச் சலானாக இருந்தாலும் தொடக்கூடாது. அடுத்தவர் சொல்லி எனிடெஸ்க் மாதிரி திரையைக் காட்டும் செயலியையும் போடக்கூடாது. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்தது.

3. கம்ப்யூட்டர் திரையில் "வைரஸ்! உடனே இந்த நம்பருக்கு அழைக்கவும்" என்று அலறினால், அது பொய். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போய்க் காபி குடிக்கலாம்.

4. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளை விசாரிக்கச் சிபிஐக்கு உத்தரவிட்டது. வீடியோ காலில் போலீஸ் வந்தால் கட் பண்ண வேண்டும். பிள்ளையைப் பிடித்துவிட்டோம் என்றாலும் கட் பண்ணிவிட்டுப் பிள்ளைக்கே அடிக்க வேண்டும்.

5. யுபிஐ பின் என்பது பணம் கொடுக்க மட்டும். வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை.

6. பென்ஷன் கணக்கு வேறு, போனில் இணைத்த கணக்கு வேறு. பின்னதில் மாதச் செலவுக்கு மட்டும் பணம். கார்டில் ஆன்லைன் உச்சவரம்பைக் குறைத்து, வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்தி வையுங்கள். இந்த வசதி 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது.

7. போய்விட்டதா? முதலில் அந்தப் போனின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கையும் கார்டையும் நிறுத்துங்கள், உடனே 1930. போன பணம் கமிஷனுக்கு வாடகை விட்ட கணக்குகள் வழியாகக் கை மாறி, ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியேறும். வெளியேறுவதற்குள் எங்காவது ஒரு கணக்கில் முடக்கினால்தான் உண்டு. நாள் கணக்கு அல்ல, நிமிடக் கணக்கு.

இந்த ஏழையும் மறந்தாலும் பரவாயில்லை. இன்று ராத்திரி ஊருக்கு அழைத்து ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "பணம் போனா போகட்டும், எந்த நேரமா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்." சொன்ன பிறகு, நிஜமாகவே திட்டாதீர்கள்.

சித்தப்பாவின் பணம் இன்னும் வரவில்லை. வருமா என்றும் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் சந்தேகமாக எது வந்தாலும் எனக்கு அடித்துவிடுகிறார். நேற்றுக்கூட மத்தியானம், கூட்டமான நேரத்தில். "ஏதோ கூரியர்னு மெசேஜ் வந்திருக்குடா, தட்டலாமா?"

கவுண்ட்டரில் ஆள் நின்றுகொண்டிருந்தார். ஒரு நிமிடம் என்று கைகாட்டிவிட்டுப் பேசினேன்.