கடினமான கணக்கைச் சேர்ந்து போடட்டும்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பல பள்ளிகளில் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் ஒன்று தயாராகிவிடும். அதில் வரும் பிள்ளைகளுக்கு மாலையில் தனி வகுப்பு. கையில் ஒரு சிறு கையேடு, அடிக்கடி கேட்கப்படும் இரண்டு, மூன்று மதிப்பெண் வினாக்கள். ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். “இதுங்களுக்குப் படிப்புல ஆர்வமே இல்ல” என்ற பேச்சும் ஆசிரியர் அறையில் அப்போதுதான் அதிகம் எழும். பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவள் நான். இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே பிள்ளைகளை ஆய்வகத்தில் பாருங்கள். ஒரு நிறமாலைமானியைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். ஒருத்தி தொலைநோக்கியை மெல்லத் திருப்புவாள், ஒருவன் வெர்னியரைப் படிப்பான், இன்னொருத்தி எழுதிக்கொள்வாள். முப்பட்டகத்தின் கோணம் 60 டிகிரியை ஒட்டி வராமல் 57 என்று வந்துவிட்டால் போதும். “நீதான் தப்பாப் படிச்சே.” “இல்ல, நீ பட்டகத்தை அசைச்சுட்டே.” மணி அடித்த பிறகும் சோடியம் விளக்கை அணைக்க விடமாட்டார்கள். ஆர்வம் இல்லாதவர்களா இவர்கள்?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்ற இளம் கணித ஆசிரியர் இதே கேள்வியைக் கேட்டார். அங்கே கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் தோற்றார்கள். ஊக்கக் குறைவு, வீட்டில் ஆதரவின்மை என்று சக ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். டிரைஸ்மன் மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் உழைக்கத்தான் செய்தார்கள், ஆனால் தனியாக. நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ, போட்ட கணக்குகளைக் கூடி உட்கார்ந்து ஒப்பிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார்கள். அதன்பின் அவர் தொடங்கிய வகுப்பில் எளிய கணக்குக்கே இடமில்லை. வழக்கத்தைவிடக் கடினமானதைக் கொடுத்து, சேர்ந்து போடச் சொன்னார். தோல்விகள் வெகுவாகக் குறைந்தன.

நாம் இதற்கு நேரெதிராக நடக்கிறோம். தேர்ச்சி விகிதம் தலைமையாசிரியரின் கழுத்தை நெரிப்பது எனக்கும் தெரியும். ஆனாலும் மாலை வகுப்பில் பாதி நேரத்துக்காவது ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள். நன்றாகப் படிக்கிறவர்களையும் அவர்களோடு கலந்து உட்கார வையுங்கள். மீட்டர் சமனச்சுற்றைப் பூட்டி, விடை ஏன் பிசகியது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிளஸ் டூ இயற்பியலில் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் இருக்கிறது. அதில் இரண்டை, தன் குழுவில் ஒருவருக்கு ஒரு கணக்கைப் புரியவைத்த பிள்ளைக்குக் கொடுக்க அரசு ஆணையிடலாம்.