சோல் மஞ்சளாயிடுச்சா? விடுங்க பாஸ்!

நம்ம கேம்பஸ்ல வெள்ளை ஸ்னீக்கர்ஸ் இல்லாத ஹாஸ்டல் ரூம் கிடையாது. ஜீன்ஸுக்கும் போடலாம், குர்தாவுக்கும் போடலாம், பொங்கல் விழா அன்னைக்கு வேட்டிக்கும் போடலாம். பிரச்சினை வாங்கி ஆறேழு மாசம் கழிச்சு ஆரம்பிக்குது. சோல் ஓரம் முதல்ல வெண்ணெய் கலருக்கு வரும், அப்புறம் மஞ்சளாகும், ஒரு கட்டத்துல டீக்கறை பிடிச்ச மாதிரி ஆயிடும். உடனே யூடியூபைத் திறக்கிறோம். டூத் பேஸ்ட் தேய், ஆப்ப சோடா போடு, பிளீச்ல ஊற வை, பெராக்ஸைடு தடவி வெயில்ல வைன்னு ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்றாங்க. எதுவும் சரிப்படலைன்னா கடைசி வைத்தியம்: "சரி மச்சி, சேல் வருது, புதுசு வாங்கிடலாம்."

நான் சொல்ல வர்றது இதுதான். உங்க ஷூவைக் கழுவுங்க, காய வைங்க, பிரிஞ்சா தைக்கக் குடுங்க. ஆனா அதைத் திரும்பவும் கடையில இருந்த வெள்ளைக்குக் கொண்டு போகப் போராடாதீங்க. அந்தப் போராட்டத்துலதான் நிறைய நல்ல ஷூக்கள் சாகுது. ஏன்னு பார்க்கலாம்.

மஞ்சள் எல்லாம் அழுக்கு இல்லை

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். ஒரு வெள்ளைத் துணியை நனைச்சு, ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு, மஞ்சளான இடத்துல அழுத்தித் தேயுங்க. துணியில கறை இறங்கினா அது அழுக்கு. கழுவினா போயிடும். துணி சுத்தமா இருந்து, ஷூ மட்டும் அதே மஞ்சள்ல இருந்தா, அது மேல ஒட்டின பொருள் இல்லை. ஷூவோட மெட்டீரியலே மாறியிருக்கு.

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில பாலிமர் யூனிட்டை எக்ஸாமுக்கு முந்தின நாள் மட்டும் படிச்சிருப்போம். இங்கே அது உதவும். சோல் என்பது ரப்பர், பாலியூரித்தேன், இவிஏ போன்ற பாலிமர்களால் ஆனது. வெயிலின் புற ஊதாக் கதிர், வெப்பம், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து அந்த நீண்ட சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கின்றன. அப்போது உருவாகும் சில அமைப்புகள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். திரும்பி வர்ற ஒளியில நீலம் குறைஞ்சா, நம்ம கண்ணுக்கு அது மஞ்சளாத் தெரியும்.

"நான் ஷூவை வெயில்லயே வைக்கல, கவர்ல சுத்தி பெட்டியிலதான் வச்சேன், அது ஏன் மஞ்சளாச்சு?" நல்ல கேள்வி. பிளாஸ்டிக்கும் ரப்பரும் சீக்கிரம் கெடாம இருக்க பிஎச்டி மாதிரியான ஃபீனால் வகை ஆன்டி ஆக்சிடன்ட் சேர்ப்பாங்க. பிளாஸ்டிக் கவர்லயும் அது இருக்கலாம். வண்டிப் புகையில வர்ற நைட்ரஜன் ஆக்சைடுகள் அதோட வினைபுரிஞ்சா மஞ்சள் நிறப் பொருள் உருவாகும். ஜவுளித் துறையில இதுக்கு 'ஃபீனாலிக் யெல்லோயிங்'னு பேரே இருக்கு. வெள்ளைத் துணி ஏற்றுமதி பண்றவங்களுக்கு இது பழைய தலைவலி. பொத்திப் பொத்தி வச்ச ஷூவுக்கு அந்த கவராலேயே மஞ்சள் வரலாம்.

மூணாவது வகை, கேன்வாஸ் ஷூவைத் துவைச்ச பிறகு வர்ற மஞ்சள். இதுக்குப் பெரும்பாலும் காரணம் சரியா அலசாம விட்ட சோப்புத்தூள். அதுல இருக்கிற காரம் துணியிலேயே தங்கி, வெயில்ல காயும்போது மஞ்சள் வளையமா நிக்கும். மூணுல நம்மால முழுசா சரி பண்ண முடிஞ்சது இதுதான்.

யூடியூப் வைத்தியங்கள்

டூத் பேஸ்ட்டில் கால்சியம் கார்பனேட், சிலிக்கா மாதிரியான நுண்ணிய உராய்வுப் பொடி இருக்கிறது. பல்லுக்கு அளவாச் சேர்த்தது. அதை ரப்பர்ல வச்சு அரை மணி நேரம் தேய்ச்சா மேல்பரப்புல கீறல் விழும். அடுத்த மழையில சேறு அந்தக் கீறல்லதான் போய் உட்காரும்.

ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்த்தா நுரை பொங்கும், வீடியோவுக்கு அழகா இருக்கும். ஒரு காரமும் ஒரு அமிலமும் ஒண்ணையொண்ணு சரிக்கட்டிக்கிற வினை அது. கார்பன் டை ஆக்சைடு போன பிறகு மிஞ்சுறது சோடியம் அசிடேட் கலந்த தண்ணி. அழுக்கை எடுத்தது உங்க பிரஷ்தான்.

பிளீச் விஷயத்துல ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, குளோரின் பிளீச் நைலான், ஸ்பான்டெக்ஸ் மாதிரி செயற்கை இழைகளை வெளுக்குறதுக்குப் பதிலா மஞ்சளாக்கும், வலுவையும் குறைக்கும். ரெண்டாவது இன்னும் முக்கியம். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்"னு பிளீச்சோட பாத்ரூம் ஆசிட்டைக் கலந்தீங்கன்னா குளோரின் வாயு வரும். 1915ல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஆயுதமாகத் திறந்துவிட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத ஹாஸ்டல் பாத்ரூம்ல இதை யாரும் டெஸ்ட் பண்ண வேண்டாம்.

கடைசியா பெராக்ஸைடு. இது வேலை செய்யும், அதை மறைக்கல. மஞ்சள் தர்ற அமைப்புகளை அது ஆக்சிஜனேற்றம் பண்ணி நிறத்தை எடுத்துடும். ஆனா சிதைஞ்ச சங்கிலிகள் திரும்ப ஒட்டாது. நிறம்தான் போகுது, வயசு போகல. துருப்பிடிச்ச கம்பி மேல பெயின்ட் அடிக்கிற கதைன்னு சிவில் பசங்களுக்குச் சொன்னா உடனே புரியும். அடுத்த கோடையில மஞ்சள் திரும்ப வரும், நீங்க திரும்ப பெராக்ஸைடு வைப்பீங்க, சோல் ஒவ்வொரு தடவையும் அடி வாங்கும். மஞ்சளான பழைய கம்ப்யூட்டர், வீடியோ கேம் பெட்டிகளை வெளுக்க அவற்றைச் சேகரிக்கிறவங்க பயன்படுத்துற 'ரெட்ரோபிரைட்' முறையும் இதேதான். ஷோகேஸ்ல சும்மா உட்காரப் போற பெட்டிக்கு அது பரவாயில்லை. தினமும் அறுபது எழுபது கிலோவைச் சுமந்து, ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்ற சோலுக்கும் அதே கணக்குப் போட முடியுமா?

இவ்வளவு சொல்லியும் பண்ணியே தீருவேன்னா, லெவன்த்ல படிச்ச வால்யூம் ஸ்ட்ரெங்த் கணக்கை ஞாபகப்படுத்திக்கோங்க. 20 வால்யூம் என்றால் 1 மில்லி கரைசல் 20 மில்லி ஆக்சிஜன் தரும், சுமார் 6 சதவீதம். அதுக்கு மேல போகாதீங்க. லேப்ல இருக்கிறது 100 வால்யூம், அதாவது 30 சதவீதம். "கொஞ்சூண்டு எடுத்துட்டு வரேன்"னு கிளம்புற நண்பனை உட்கார வைங்க. அது தோலை வெந்து போக வைக்கும், கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து. கையுறை போடுங்க, மேல் துணியை டேப் ஒட்டி மறைங்க, வேற எதையும் கலக்காதீங்க. மிச்சத்தைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி மூடி வைக்காதீங்க. ஆக்சிஜன் சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம், தெரியாம யாராவது குடிச்சும் வைக்கலாம்.

சரி, என்னதான் பண்றது?

லேஸையும் இன்சோலையும் கழட்டுங்க. நனைக்கிறதுக்கு முன்னாடி காய்ஞ்ச பிரஷ்ஷால மண்ணைத் தட்டுங்க. மண்ணோட நனைச்சா சேறாகி துணிக்குள்ள இறங்கிடும். அரை மக் தண்ணியில ஒரு ஷாம்பூ பாக்கெட் போதும். சோப்புத்தூள் மாதிரி அது அவ்வளவு காரமா இருக்காது. பழைய டூத் பிரஷ்ஷால மேல் பகுதியைச் சின்ன வட்டமா தேயுங்க. சோல்ல இருக்கிற கறுப்புக் கோடுகளுக்கு டிராயிங் ரப்பரே போதும். ஷூவை பக்கெட்ல முக்கி ராத்திரி முழுக்க ஊற வைக்காதீங்க, வாஷிங் மெஷின் வெந்நீர்லயும் போடாதீங்க. சோலைப் பிடிச்சிருக்கிறது பசை. அதுக்கு ஊறலும் ஆகாது, சூடும் ஆகாது.

கேன்வாஸா இருந்தா நுரை வர்றது நிக்கிற வரைக்கும் அலசுங்க. கடைசித் தண்ணியில ஒரு மூடி வினிகர் விட்டா மிச்சக் காரம் போயிடும். அப்புறம் வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஷூ மேல ஒட்டினாப்ல சுத்தி காய வைங்க. ஈரம் வெளியே வரும்போது மஞ்சளும் பேப்பருக்கு இழுத்துக்கும். ரெண்டு சொட்டு நீலம் போடலாமான்னா, தாராளமா போடுங்க. நீலம் மஞ்சளை எடுக்காது, நம்ம கண்ணை ஏமாத்தும். ஷூவுக்குக் கெடுதல் இல்லாத ஏமாத்து வேலை அது ஒண்ணுதான்.

காய வைக்கிறது நிழல்ல, காத்தோட்டத்துல. மே மாச மொட்டை மாடித் தளத்துல உங்க காலையே வைக்க முடியாது, பசை எப்படித் தாங்கும்? உள்ளே பேப்பர் திணிக்கணும்னா நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். போன செமஸ்டர் அப்சர்வேஷன் நோட்ல எழுதாத பக்கம் நிறைய இருக்குமே, அது உதவும்.

கழுவி முடிச்சதும் நிறத்தை விட்டுட்டு நாலு விஷயம் பாருங்க. அடியில கோடுகள் தேய்ஞ்சு வழுக்குதா? குதிகால் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கா? முன்பக்கம் சோல் வாய் பிளக்குதா? உள்துணி கிழிஞ்சு குதிகாலை உரசுதா? மழைக்காலத்துல ஆளைக் கீழே தள்ளுறதும், நடக்குறப்போ காலைக் கடிக்கிறதும் இதுங்கதான். மஞ்சள் எந்தக் காலையும் கடிச்சதில்லை. சோல் பிரிஞ்சா காலேஜ் ரோட்டுல குடை விரிச்சு உட்கார்ந்திருக்கிற அண்ணன்கிட்ட குடுங்க. சுத்தித் தையல் போட்டுத் தருவாரு, நம்ம ஒரு வேளை பிரியாணி காசு கூட ஆகாது. பேரம் பேசாம குடுங்க, அந்த ஊசியைப் பிடிக்கிற கைக்கு நம்ம லேப்ல பயிற்சி கிடையாது.

இன்னொண்ணு. "நல்ல ஷூ, விசேஷத்துக்கு மட்டும்"னு பெட்டியிலேயே வைக்காதீங்க. பாலியூரித்தேன் சோல் காத்துல இருக்கிற ஈரத்தாலயே நீராற்பகுப்பு ஆகி, போடாமலே உள்ளுக்குள்ள உதிர்ந்து போகும். சென்னை, கடலூர், நாகை பக்கம் இருக்கிறவங்க வீட்ல ரெண்டு மூணு வருஷம் கழிச்சு எடுத்த ஷூ கையோட பிஸ்கட் மாதிரி உதிர்ந்ததைப் பார்த்திருப்பாங்க.

வெள்ளைன்னா ஏன் இவ்வளவு பயம்?

ஸ்கூல்ல பிடி பீரியட் அன்னைக்கு வெள்ளை ஷூ. கழுவ நேரமில்லைன்னா என்ன பண்ணுவோம்? போர்டுல இருந்து சாக்பீஸை எடுத்து ஷூ மேல தேய்ச்சிட்டு பிரேயர்ல நிப்போம். ஷூ அழுக்காவே இருக்கும், வெள்ளையாத் தெரியும், பிடி சாரும் விட்டுடுவார். சுத்தம் வேற, வெள்ளை வேறன்னு நமக்கு அப்பவே தெரியும். ஆனா மார்க் வெள்ளைக்குத்தான் கிடைச்சது.

அந்தப் பழக்கம் காலேஜ் வரைக்கும் வந்திருக்கு. "என்ன மச்சி, ஷூ பழம் மாதிரி பழுத்துடுச்சு?"ன்னு கேண்டீன்ல ஒருத்தன் கேட்பான், எல்லாரும் சிரிப்பாங்க. கேட்கிறவனுக்கு அது ஜோக். அந்த ஷூவை அண்ணன்கிட்ட இருந்து வாங்கிப் போட்டுட்டு வந்தவனுக்கும், பார்ட் டைம் வேலை பார்த்து வாங்கினவனுக்கும் அது ஜோக் இல்லை. அவன் நாளைக்கு காலை பெஞ்சுக்கு அடியில இழுத்து வச்சுக்குவான். இல்லைன்னா மெஸ் காசைப் பிடிச்சு புதுசு வாங்குவான்.

இதுல வேடிக்கை என்னன்னா, இத்தாலியின் கோல்டன் கூஸ் மாதிரி பிராண்டுகள் புது ஷூவையே அழுக்கும் தேய்மானமும் பண்ணி பல பத்தாயிரம் ரூபாய்க்கு விக்கிறாங்க. மஞ்சளான மாதிரி சோலோட 'வின்டேஜ்'னு வர்ற மாடல்களும் நிறைய. காசு குடுத்து வாங்கின பழசு ஸ்டைல், நடந்து நடந்து வந்த பழசு கேவலம். இந்த லாஜிக்கை ஏத்துக்க ஒரு இன்ஜினியரிங் மாணவனுக்குக் கூச்சமா இருக்கணும்.

"பிளேஸ்மென்ட்ல ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன் முக்கியம் இல்லையா?" முக்கியம்தான். இன்டர்வியூவுக்கு எப்படியும் ஃபார்மல் ஷூதான் கேட்பாங்க. அங்கேயும் பார்க்கிறது சுத்தத்தை. மண் இல்லாத, லேஸ் துவைச்ச, நாத்தம் வராத ஷூ எந்த நிறத்துல இருந்தாலும் பார்க்க மரியாதையாத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் 2013ல் ஒரு ஓட்ட ஷூவைக் கணக்குப் போட்டார்கள். 65 பாகங்கள், 360 செயல்படிகள், ஒரு ஜோடிக்கு சுமார் 14 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதில் பெரும்பகுதி தயாரிப்பிலேயே வெளியாகிறது. அதாவது நீங்க ஷூவைப் பெட்டியைப் பிரிச்சு எடுக்கும்போதே அந்தச் செலவு நடந்து முடிஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் போட்டா அந்தச் செலவுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். இங்கே நம்ம செய்யாறு சிப்காட்லயும் ஆம்பூர்லயும் நம்ம வயசுப் பொண்ணுங்க ஷிஃப்ட் போட்டு, நாள் முழுக்க தையல் மெஷின்ல உட்கார்ந்து ஷூ தைக்கிறாங்க. அவங்க போட்ட தையல் பிரியாம இருக்கிற வரைக்கும் அந்த ஷூ நல்ல ஷூதான்.

அதனால ஒரு யோசனை. ஹாஸ்டல்ல ஒவ்வொரு ஃப்ளோருக்கும் ஒரு அட்டைப் பெட்டி வைங்க. ரெண்டு பழைய பிரஷ், நாலு ஷாம்பூ பாக்கெட், டிராயிங் ரப்பர், ஒரு கட்டு டிஷ்யூ, தடிச்ச நூலும் ஊசியும். ஞாயித்துக்கிழமை காலையில டிபன் முடிச்சதும் அரை மணி நேரம் போதும். கழுவி வச்ச பிறகும் சோல் மஞ்சளாவே இருந்தா, அப்படியே மாட்டிட்டு திங்கட்கிழமை கிளாஸுக்கு வாங்க. பக்கத்து பெஞ்சுல இருக்கிறவன் ஷூவும் அப்படி இருந்தா, அதைப் பத்தி மட்டும் எதுவும் கேட்காதீங்க.