சாம்பல் எரியாது

‘அரியலூர் டிப்பர்கள் சிஐ-4 தர இன்ஜின் ஆயிலிலேயே ஓடின, புதிய தரமான சிகே-4 என்பது கம்பெனிக்காரன் காசு பிடுங்கும் வழி’ என்கிறார் நண்பர். ஓடின, மறுக்கவில்லை. அவை பழைய பிஎஸ்-3 புகை விதிப்படி வந்த வண்டிகள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 லாரியின் புகைப்பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் படியும் கரி சூட்டில் எரிந்துபோகும். ஆயிலில் கலந்த உலோகச் சேர்க்கைகள் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது, அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சிகே-4இல் சல்பேட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ‘ஆயிலை அடிக்கடி மாற்றினால் போதும்’ என்பதும் எடுபடாது. புது சிஐ-4 ஊற்றினாலும் அதே சாம்பல்தான். பழைய வண்டிக்கு சிஐ-4 போதும், ஒப்புக்கொள்கிறேன். பெரம்பலூர் சாலையில் ஓடும் பிஎஸ்-6 டிப்பருக்கும் அதையே ஊற்றச் சொல்பவர், டிபிஎஃப் மாற்றும் செலவையும் சேர்த்துச் சொல்லட்டும்.