பழைய பெட்டிக்கு இட்ட காவல் புதிய திரைக்குப் போதுமா?



ஒரு வீட்டில் புதிதாகப் பெரிய திரைத் தொலைக்காட்சி வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கிறது? கூடவே ஒரு ஸ்டெபிலைசர் வருகிறது. தூசு படாமல் இருக்க ஓர் உறை வருகிறது. கூடத்தில் ஒரு மேசையைப் போட்டுத் தொலைக்காட்சியை அதன்மேல் நிற்க வைக்கிறார்கள். "யாரும் கிட்டே போகக் கூடாது" என்று பிள்ளைகளுக்கு ஓர் ஆணை பிறக்கிறது. அத்துடன் காவல் முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்தக் காவல் போதாது என்பதே என் கருத்து. ஏனெனில், இது வேறொரு கருவிக்காக ஏற்பட்ட காவல்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. வண்ண ஒளிபரப்பு 1982-ல் இந்தியாவுக்கு வந்தது. அந்நாளில் வீடுகளில் இருந்தது உண்மையிலேயே ஒரு பெட்டிதான். அதற்குள் காற்று நீக்கப்பட்ட, கனத்த கண்ணாடிப் படக்குழாய் இருந்தது. வண்ணப் பெட்டியில் அந்தக் குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம் வேண்டும். அத்தனை உயர்ந்த மின்னழுத்தம் இருக்கும் இடத்தைத் தூசு தேடிவந்து ஒட்டும். ஆகவே உறை தேவைப்பட்டது. அன்றைய பெட்டிகள் பலவற்றில், வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் குறைந்தால் படமும் சுருங்கிப்போகும். ஆகவே ஸ்டெபிலைசர் தேவைப்பட்டது. பெட்டிக்கு உயரத்தைப் போலவே ஆழமும் உண்டு. ஆகவே மேசைமேல் ஓரளவு ஊன்றி நின்றது.

இன்று பெட்டி போய்விட்டது. பெட்டிக்கான காவல் மட்டும் நிலைத்துவிட்டது. புதிய திரையின் பகைவர்கள் வேறு. அவர்களை அடையாளம் காண உயர்ந்த படிப்பு ஒன்றும் வேண்டாம். உங்கள் இயற்பியல் பாடநூலே போதும்.

முதல் பகைவன்: சாய்தல்

வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். 55 அங்குலத் திரை ஒன்றின் எடை 16 கிலோகிராம் என்று கொள்வோம். அது நிற்கும் இரு கால்களும் முன்பின்னாக 24 செ.மீ. நீளம். ஈர்ப்பு மையம் நடுவில் இருந்தால், முன்விளிம்பிலிருந்து அதன் தொலைவு 12 செ.மீ. திரையின் மேல்விளிம்பு மேசையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அந்த விளிம்பைப் பிடித்து முன்னால் இழுத்தால், எவ்வளவு விசையில் திரை சாயத் தொடங்கும்?

திருப்புத்திறன் விதியை நினைவுகூருங்கள். 16-ஐ 12-ஆல் பெருக்கினால் 192. அதை 75-ஆல் வகுத்தால் சுமார் இரண்டரை. அதாவது இரண்டரைக் கிலோகிராம் எடைக்குச் சமமான இழுப்பு போதும்! மூன்று லிட்டர் தண்ணீர் உள்ள பாத்திரத்தைத் தூக்க இதைவிட அதிக விசை வேண்டும்.

ஒன்றரை வயதுக் குழந்தையின் எடை ஏறக்குறைய 10 கிலோகிராம். நிற்கப் பழகிய குழந்தை எதையேனும் பிடித்து எழ முயல்வது இயல்பு. திரையில் ஓடும் பூனையைப் பிடிக்க நினைப்பதும் இயல்பு. மேசை இழுப்பறையைப் படிக்கட்டாக்கி ஏறி, அது திரையின் விளிம்பைப் பற்றினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கே சொல்லிவிட்டது. இது வெறும் அச்சமன்று. தொலைக்காட்சிகளும் அலமாரிகளும் சாய்ந்து குழந்தைகள் இறந்ததால், அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அவற்றைச் சுவரோடு பிணைக்கச் சொல்லி 2015-ல் தனி இயக்கமே தொடங்கியது.

குழந்தையிடமிருந்து திரையைக் காப்பதைப் பற்றியே நாம் பேசுகிறோம். திரையிடமிருந்து குழந்தையைக் காப்பதல்லவா முதல் வேலை?

இதற்குச் சிறந்த வழி சுவரில் மாட்டுவது. திரையின் முதுகில் நான்கு துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளி 200×200, 400×400 மில்லிமீட்டர் என்பன போன்ற தர அளவுகளில் அமைந்திருக்கும். அதற்கேற்ற தாங்கியையே வாங்க வேண்டும். சுவரின் சிமெண்டுப் பூச்சு ஒரு செண்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கனம் உடையது. அது எடையைத் தாங்காது. திருகாணி பூச்சைத் தாண்டிச் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ நன்கு பிடிக்க வேண்டும். மழை நீர் கசியும் சுவரைத் தவிர்க்க வேண்டும். சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலும் கீழும் துளையிடக் கூடாது. சுவருக்குள் மின்கம்பி ஓடும் வழி பெரும்பாலும் அதுவே.

முன்னால் இழுத்துத் திருப்பக்கூடிய கை வைத்த தாங்கி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு கணக்குண்டு. சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி 16 கிலோ தொங்கினால் திருப்புத்திறன் 80. தாங்கியின் மேல், கீழ்த் திருகாணிகளுக்கு இடையே 20 செ.மீ. இருந்தால், மேல் திருகாணிகளை வெளியே இழுக்கும் விசை 4 கிலோ எடைக்குச் சமம். அதே திரையை 50 செ.மீ. முன்னால் இழுத்தால் அது 40 கிலோ ஆகிவிடும். பத்து மடங்கு! தேவையில்லாமல் கை வைத்த தாங்கி எதற்கு?

வாடகை வீடு, சுவரில் துளையிட உரிமையாளர் ஒப்பவில்லை என்கிறீர்களா? கனமான, தாழ்ந்த, அகன்ற மேசையாகப் பாருங்கள். திரையின் முதுகிலுள்ள துளைகளில் வலுவான பட்டையைப் பூட்டி, மேசையின் பின்புறத்தோடு பிணைத்துவிடுங்கள். திரைக்கு மேலோ அருகிலோ பொம்மையையும் ரிமோட்டையும் வைக்காதீர்கள்.

இரண்டாம் பகைவன்: தறிகெட்ட மின்சாரம்

நம் வீடுகளுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். புதிய திரையின் பின்புறத்திலோ கையேட்டிலோ உள்ள விவரத்தைப் படியுங்கள். பலவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பதைக் காண்பீர்கள். மின்னழுத்தம் இந்த எல்லைக்குள் ஏறி இறங்கினாலும் உள்ளேயிருக்கும் மின்வழங்கிச் சுற்று அதைச் சமாளித்துக்கொள்ளும். அதாவது ஸ்டெபிலைசரின் பழைய வேலையைத் திரை தானே செய்கிறது.

அப்படியானால் ஸ்டெபிலைசர் வீணா? அப்படியும் சொல்லிவிட முடியாது. தெருவில் மும்முனை மின்சாரம் வரும் வழியில் நியூட்ரல் கம்பி அறுந்தால், சில வீடுகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் வந்துவிடலாம். 230-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பாருங்கள், விளங்கும். அந்நேரத்தில், அளவுக்கு மேல் போனால் இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பு உள்ள ஸ்டெபிலைசர் திரையைக் காக்கக்கூடும். ஆகவே வாங்குமுன், "இது மின்னழுத்தத்தைச் சீராக்க மட்டுமா, துண்டிக்கவும் செய்யுமா?" என்று கேளுங்கள்.

ஆனால் மின்னலுக்கு எதிரே ஸ்டெபிலைசரை நம்பாதீர்கள். அதன் ரிலே ஒருமுறை மாற மில்லி வினாடிகள் ஆகும். மின்னல் எழுப்பும் மின்னெழுச்சியோ மைக்ரோ வினாடிகளில் உச்சத்தை எட்டிவிடும். காவல்காரர் எழுந்து கதவைச் சாத்துமுன் திருடன் வந்து போய்விடுகிறான்!

சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வீட்டுச் சுவிட்ச் பொதுவாக ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் இணைந்தே இருக்கிறது. மேலும், ஒரு மில்லிமீட்டர் காற்று இடைவெளியைத் தாண்டச் சுமார் 3,000 வோல்ட் போதும். சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டா?

எனவே பிளக்கைக் கழற்றி வைப்பதே உறுதியான காவல். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும், இணையக் கம்பி இருந்தால் அதையும் திரையிலிருந்து கழற்ற வேண்டும். மின்னெழுச்சி அவ்வழியாகவும் வரும். ஆனால் இதை மின்னலுக்கு முன்னரே செய்துவிட வேண்டும். மின்னல் ஒளிக்கும் இடியோசைக்கும் இடையே எண்ணுங்கள். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். 30 வினாடிக்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதன்பின் பிளக்கையோ கம்பியையோ தொடாதீர்கள். திரை போனால் போகட்டும்! கோடை இடிமழை நாட்களிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும், வானம் இருளும்போதே கழற்றிவிடும் வழக்கம் வேண்டும்.

மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்திய எக்ஸ்டென்ஷன் பலகையும் ஓரளவு உதவும். அதிகப்படியான மின்சாரத்தை மண்ணுக்குத் திருப்புவதே அதன் முக்கிய வேலை. ஆனால் வீட்டில் எர்த் இணைப்பே ஒழுங்காக இல்லாவிட்டால் எங்கே திருப்பும்? உங்கள் தொலைக்காட்சியின் பிளக்கில் இரண்டே பின் இருந்து, பின்புறத்தில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால், அது இரட்டைக் காப்புக் கருவி. அதற்கு எர்த் தேவையில்லை. மூன்று பின் இருந்தாலோ, அந்த மூன்றாவது பின்னை வெட்டுவதும், இரண்டு துளைப் பலகையில் செருகுவதும் உயிரோடு விளையாடுவதாகும். வீட்டின் எர்த் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்டெபிலைசர் வாங்குவதைவிட இது பயனுள்ள செலவு என்பேன். திரைக்கு மட்டுமன்றி, குளிர்பதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும், அவற்றைத் தொடும் உங்கள் தாய் தந்தையருக்கும் அது காவல்.

மூன்றாம் பகைவன்: நம் கைகளே

பழைய படக்குழாயின் முகம் தடித்த கண்ணாடி. புதிய திரவப்படிகத் திரையிலோ, அரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள இரு கண்ணாடித் தகடுகளும், அவற்றின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலமும் இருக்கின்றன. ஆகவே இருவர் சேர்ந்து, செங்குத்தாக, விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். படுக்க வைக்கவோ, முகத்தில் விரலை ஊன்றவோ கூடாது. துடைக்க மென்மையான உலர்ந்த துணி போதும். சன்னல் கண்ணாடிக்கான திரவத்தைத் தெளிக்காதீர்கள், மேற்படலம் கெடும். உறை போடுவதானால், இயங்கி முடிந்து சூடு ஆறியபின் போடுங்கள். காற்றுத் துளைகளை அடைப்பது மின்சுற்றின் ஆயுளைக் குறைப்பதாகும்.

எவ்வளவு தள்ளி அமர்வது? 55 அங்குலம் என்பது மூலைவிட்டம். பக்கங்கள் 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருப்பதால், பிதாகரஸ் தேற்றப்படி அகலம் சுமார் 122 செ.மீ. இது கண்ணில் 30 பாகைக் கோணத்தில் விழ, சுமார் இரண்டேகால் மீட்டர் தள்ளி அமர வேண்டும். கூடத்தில் அந்த இடமில்லையெனில் சிறிய திரையே போதும், பணமும் மிஞ்சும். கடையின் வெளிச்சத்துக்காக வைத்த மிகு ஒளிர்வை வீட்டில் குறைத்துவிடுங்கள். கண்ணுக்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது.

யார் பொறுப்பு?

"கடையிலிருந்து ஆள் வந்து மாட்டித் தருவார், நமக்கேன் இந்தத் தொல்லை?" என்று சிலர் சொல்லலாம். அவர் தம் வேலையை அறிந்தவரே. ஆயினும் அரை மணியில் போய்விடுவார். உங்கள் வீட்டில் தவழும் குழந்தை இருப்பதும், எந்தச் சுவர் மழையில் கசியும் என்பதும் அவருக்குத் தெரியா. உத்தரவாதச் சீட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். மின்னலால் கெட்டதற்கும், விழுந்து உடைந்ததற்கும் பெரும்பாலும் அது பொறுப்பேற்பதில்லை.

மாணவர்களாகிய நீங்கள் துளையிடவோ, மின்கம்பியைத் தொடவோ, கருவியைத் திறக்கவோ வேண்டாம். அளவு நாடாவும் தாளும் பென்சிலும் போதும். உங்கள் வீட்டுத் திரையின் எடையைக் கையேட்டில் பாருங்கள். கால்களின் நீளத்தையும் மேல்விளிம்பின் உயரத்தையும் அளங்கள். எத்தனை கிலோ இழுப்பில் அது சாயும் என்று கணக்கிட்டு, அந்த விடையைப் பெரியவர்களிடம் காட்டுங்கள். "ஜாக்கிரதை" என்று நூறு முறை சொல்வதால் நடக்காததை, அந்த ஓர் எண் நடத்திக் காட்டும்.