மிலிட்டரி மாமாவுக்கு வளைவு வேண்டாம்

ஊர்ப் பெரியவர்களுக்கும், நினைவு வளைவுக்கு ரசீதுப் புத்தகத்தோடு அலையும் தம்பிமார்களுக்கும்,

மெல்போர்னிலிருந்து எழுதுகிறேன். மேலத் தெரு முனையில் மிலிட்டரி மாமா பெயரில் சிமென்ட் வளைவு எழுப்பப் போகிறீர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பணம் தருகிறேன், ஆனால் வளைவுக்கு அல்ல. காரணம் சொல்லாமல் விட்டால், "அடுத்த வீட்டுப் பிள்ளை, அவர் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன், காசு என்றதும் நழுவுகிறான்" என்று பேச்சு வரும். அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் போவது அதிசயமில்லை. கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். நம் ஊருக்கு அந்தப் புகழ் கிடையாது. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் ஆளெடுப்பைப் பெருக்கியபோது போன சிலரில் மாமாவும் ஒருவர். காட்பாடியில் ரயிலேறி, பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தில் சேர்ந்தார். 1780-ல் தொடங்கிய படை. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததைத் தோண்டி எடுப்பது அவர்கள் வேலை. அந்தப் படைக்காரர்களை ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். எழுபத்தைந்து வயதுக் கிழவரைப் பஞ்சாப்காரச் சிநேகிதர் ஒருவர் போனில் "தம்பி, தம்பி" என்று அழைத்ததைக் கேட்டுத் தெருவே சிரித்திருக்கிறது.

1971 போரைப் பற்றி அவர் பெருமை பேசி நான் கேட்டதில்லை. ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் டிசம்பர் 15 இரவு கண்ணிவெடி வயலில் வழி திறக்கும் வேலை. கம்பியை நேராகக் குத்தக் கூடாது, சாய்வாகத்தான் மண்ணுக்குள் செலுத்த வேண்டும், முனை வெடியின் பக்கவாட்டில் படவேண்டுமே தவிர தலையில் படக் கூடாது என்று திண்ணையில் ஈர்க்குச்சியை வைத்துக் காட்டுவார். பாதி வேலைதான் முடிந்திருந்தது. அக்கரையில் எதிரி டாங்கிகள் நடமாடும் செய்தி வரவே, பூனா ஹார்ஸ் டாங்கிப் படை காத்திருக்காமல் அந்த வயலுக்குள்ளேயே புகுந்து கடந்தது. மறுநாள் அந்தப் படையின் அருண் கேத்தர்பால், இருபத்தொரு வயது, டாங்கியிலேயே உயிரை விட்டார்; பரம்வீர் சக்ரா கிடைத்தது. மாமா சொன்னது ஒரே வாக்கியம்: "எங்க வேலை முடியறதுக்குள்ள அந்தப் பசங்க போயிட்டாங்கப்பா." போர் நாம் ஜெயித்ததுதான். ஆனாலும் அரைகுறையாக விட்ட வேலை என்ற உறுத்தல் அவருக்குப் போகவே இல்லை.

அதனால்தானோ என்னவோ, எந்த வேலையையும் அரைகுறையாக விட அவர் சம்மதித்ததில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது நம் ஏரிக்கரையும் அரிக்கத் தொடங்கியதே, நினைவிருக்கிறதா? பையன்கள் மூட்டையை வாய் பிதுங்க நிரப்பி எறிந்துகொண்டிருந்தார்கள். நடக்க முடியாத முழங்காலோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "முக்கால்வாசி நிரப்பு போதும். வாயை அடியில மடி. செங்கல் கட்டற மாதிரி இணைப்பு மேல இணைப்பு வராம அடுக்கு" என்று இரவெல்லாம் குரல் கொடுத்தவர் அவர்.

மாமா பட்டாளத்தில் இருந்த காலத்தில் அவர் மனைவி, எங்கள் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 56 ஏ.பி.ஓ. என்ற முகவரியோடு வந்த இன்லேண்ட் கடிதங்களை என் அம்மாதான் படித்துக் காட்டுவாள், பதிலும் எழுதுவாள். வருஷத்துக்கு ஒரு நீண்ட லீவு. அதில் ஒருமுறை வந்து இறங்கியவரைப் பார்த்து அவருடைய மூத்த மகளே, "அம்மா, மிலிட்டரிக்காரர் வந்திருக்காரு" என்று உள்ளே ஓடினாளாம். அந்த அக்கா இதை இன்றும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். மாமா மட்டும் சிரித்ததில்லை. 1987-ல் சுபேதாராக ஓய்வு பெற்று வந்தபின் அவர் செய்த முதல் காரியம், அத்தைக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது. இரண்டாவது, திண்ணையில் ஒரு மேசை போட்டது.

அந்த மேசையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. கான்டீன் ரம்முக்காக அவரைத் தேடி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியவர், பென்ஷன் தாளோடு வந்த யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஒரு விதவையின் பெயர் கணவனின் ராணுவப் பதிவேட்டில் 'முனியம்மா', ஆதாரில் 'முனியம்மாள்'. அந்த ஓர் எழுத்துக்குக் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகும். எண்பது வயது ஆனால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம், எண்பத்தைந்தில் 30 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும், விதவைகளுக்கும்தான். ஆனால் பென்ஷன் ஆணையில் பிறந்த தேதி இல்லாத கிழவிக்கு அது தானாக வராது. யாராவது விடாமல் எழுதி வாங்கவேண்டும். களை பறித்துத் தேய்ந்த விரல்களை நவம்பர் மாதத்து உயிர்வாழ்வுச் சான்றிதழ் இயந்திரம் ஏற்காது. போனில் முகத்தைக் காட்டியே பதியலாம் என்பது அந்தக் கிழவிகளுக்குத் தெரியாது. ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் எழுதி எழுதி மாமா சேர்த்த நகல்கள் கறுப்பு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. "எதுக்கு மாமா இவ்வளவு பாடு?" என்றால், "உங்கம்மா எனக்கு எழுதின லெட்டருக்குப் பதில்டா" என்பார்.

மாமாவின் இறுதி ஊர்வலத்தில் தேசியக் கொடி போர்த்தவில்லை, குண்டு முழங்கவில்லை என்று சிலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். அரசு, ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டுமே கொடியைப் போர்த்தலாம் என்பது கொடிச் சட்டம். நாமாகப் போர்த்தியிருந்தால் முதலில் கோபப்பட்டிருப்பவர் அவர்தான்.

இங்கே ஏப்ரல் 25 விடியலில் சின்னச் சின்ன ஊர்களில்கூட, போரில் மாண்டவர் பெயர் பொறித்த கல்லைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். எனக்கும் அது பிடிக்கும். கல்லே வேண்டாம் என்கிற ஆளில்லை நான். ஆனால் 1916-ல் தொடங்கிய இந்த நாட்டுப் படைவீரர் சங்கம் கல்லோடு நிற்கவில்லை. விண்ணப்பம் நிரப்பித் தரவும் வாதாடவும் பயிற்சி பெற்ற ஆட்களை வைத்திருக்கிறது. நம் ஊரில் அந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்தவர் போய்விட்டார். வளைவின் கீழே லாரி போகும், அவ்வளவுதான்.

திண்ணையைத் தர அத்தை சம்மதித்துவிட்டார், நானே பேசினேன். வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை போதும். படித்த பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு கணினி, ஒரு பிரின்டர். இயந்திரங்களின் செலவும், இரண்டு வருஷத்துக்கு மின்சாரம், தாள், தபால் செலவும் என்னுடையது. டிரங்குப் பெட்டியில் பதில் வராத விண்ணப்பங்கள் தனிக் கட்டாக இருக்கின்றன என்று அக்கா சொன்னார். முதல் ஞாயிறு அந்தக் கட்டைப் பிரியுங்கள். யார் உட்காரப் போகிறீர்கள் என்று மட்டும் எனக்குத் தெரிவியுங்கள்.